பேராசிரியரின் கையெழுத்து: மாணவர்களும் ஆய்வாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இளங்கலை படிக்கிற பிள்ளைகளும் பி.எச்டி. சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஐந்து ஆண்டுகள் ஆய்வு மாணவியாக இருந்தேன். அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பாடம் எடுத்தேன், ஆறு பேருக்கு நெறியாளராகவும், அதாவது கைடாகவும், இருந்தேன். கையெழுத்துக்காகக் காத்து நின்றதும் உண்டு, கையெழுத்துப் போட்டதும் உண்டு.

பேராசிரியரின் அதிகாரம் பெரும்பாலும் அவருடைய பேனாவில்தான் இருக்கிறது. இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு, ஆய்வு முன்னேற்ற அறிக்கை, ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ், பரிந்துரைக் கடிதம் என்று எதை எடுத்தாலும் அவர் கையெழுத்து வேண்டும். அதைப் போடும்போதும் மறுக்கும்போதும் அவர் எதைப் பார்க்கிறார் என்பதை வைத்துத்தான் அவருடைய அறத்தை நான் அளக்கிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கோணத்தில் எழுதியவை.

பேராசிரியர்களுக்கென்று எழுதி வைத்த ஒழுக்க விதிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, ஆசிரியர் நியமனத் தகுதிகள் பற்றி 2018-ல் வெளியிட்ட ஒழுங்குமுறையில் தொழில்நெறிக்கென்றே ஒரு பகுதி உண்டு. மாணவர் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை மதிக்க வேண்டும். சாதி, மதம், பால், அரசியல், பொருளாதார நிலை பார்த்து யாரையும் வேறாக நடத்தக் கூடாது. மதிப்பெண் போடும்போது மாணவர் எட்டிய தரத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். வகுப்பு நேரம் முடிந்த பிறகும் மாணவருக்கு உதவ வேண்டும், அதற்குக் காசோ பரிசோ எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மாணவரை இன்னொருவருக்கு எதிராகத் தூண்டிவிடக் கூடாது. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் நான் பணியாற்றிய காலத்தில் இந்தப் பகுதியைப் படித்திருந்த சக ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

தமிழில் இந்தப் பேச்சு மிகப் பழையது. நன்னூல் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்ற நான்கையும் உவமையாகச் சொல்கிறது. நிறைகோல் என்றால் தராசு. ஐயம் தீர்ப்பதும் நடுநிலையாக நிற்பதும் அதன் குணம். ஆகாத ஆசிரியருக்கும் அங்கே உவமைகள் உண்டு. மடற்பனை தானாகப் பழம் போட்டால்தான் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. முடத்தெங்கு ஒருவர் தண்ணீர் ஊற்ற, அடுத்தவர் தோட்டத்தில் காயைப் போடும். இந்த இரண்டு வகையினரிடமும் நான் படித்திருக்கிறேன். அதே நூல் ஆசிரியருக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கும்போது ‘குலன்’ என்றுதான் தொடங்குகிறது. அந்த ஒன்றை நாம் முழுசாகக் கைவிட வேண்டும். மற்றவை இன்றைக்கும் பொருந்துகின்றன.

வகுப்பு எடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாதா?

முடியாது. முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை, ஆண்டுக்கு 30 வாரம், 180 கற்பித்தல் நாட்கள் என்று அதே 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. இதில் நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். நாளொன்றுக்குக் குறைந்தது 5 மணி நேரம் வளாகத்தில் இருக்க வேண்டும். வகுப்பு போக மீதி நேரம் தயாரிப்புக்கும் ஆய்வுக்கும் மாணவர் சந்திப்புக்கும் உரியது. பாடவேலையைப் பாதிக்கிற டியூஷன், கோச்சிங் போன்ற வெளிவேலைகளுக்கும் அந்த நெறியில் இடமில்லை.

தயாரிப்பு இல்லாமல் வகுப்புக்குப் போவதையும் ஒரு வகைத் திருட்டு என்றே நினைக்கிறேன். பழுப்பேறிய பழைய நோட்டை வாசித்துக்கொண்டே எழுதச் சொல்கிற வகுப்பில் அறுபது பேரின் ஒரு மணி நேரம் போகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தை வேறு எங்கும் வாங்கிக்கொள்ள முடியாது.

ஆளே வராமல் பெயர் மட்டும் இருந்த கதையும் நம் ஊரில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. கல்லூரி நிர்வாகங்களின் குற்றம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் தெரிந்தே தன் சான்றிதழ்களையும் கையெழுத்தையும் அதற்குக் கொடுத்த ஆசிரியர் எவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கைடு தன் சொந்த வேலைகளைச் சொல்கிறார். மறுத்தால் பி.எச்டி. நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான்.

என்னோடு ஆய்வு செய்த தோழி ஒருத்தி. அவளுடைய நெறியாளர் வீட்டு கரண்ட் பில் கட்டுவது, அவர் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதுவது எல்லாம் அவள் வேலை. ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அவள் கொடுத்த மூன்றாம் இயல் எட்டு மாதம் அவர் மேசையில் கிடந்தது. ஒருநாள் அவர் ஊரில் இல்லாதபோது நாங்கள் அதைத் தேடி எடுத்தோம். மேலே இரண்டு கல்யாணப் பத்திரிகைகள், ஒரு வங்கிக் காலண்டர், அதற்குக் கீழே இயல். முதல் பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. அதைத் தவிர எழுபது பக்கத்திலும் பேனா பட்ட அடையாளமே இல்லை. அவள் பக்கங்களை மெதுவாகப் புரட்டிவிட்டு, இருந்தபடியே பத்திரிகைகளுக்கு அடியில் திருப்பி வைத்தாள்.

நம் ஊரில் குரு என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதையால் இதைப் பணிவிடை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆசிரியர் வீட்டுக்குத் தானாக விரும்பிப் போய் ஒத்தாசை செய்வதும், போகாவிட்டால் அறிக்கையில் கையெழுத்து விழாது என்று பயந்து செய்வதும் ஒன்றாகிவிடாது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத எந்த வேலையையும் நெறியாளர் கேட்கவே கூடாது. மாணவர் தானாக முன்வந்தாலும் மறுப்பதுதான் நல்லது. ஏனென்றால் ‘தானாக’ என்பதில் எவ்வளவு பயம் கலந்திருக்கிறது என்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

நீங்கள் செய்யக்கூடியது: ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ‘இன்று இதைப் பேசினோம், இந்த இயலைத் தந்திருக்கிறேன், இந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்வதாகச் சொன்னீர்கள்’ என்று நாலு வரி மரியாதையாக மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டை வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். தேதி போட்ட பதிவு இருந்தாலே பாதிப் பேரின் நடத்தை மாறுகிறது. ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம் ஒவ்வொரு பருவத்திலும் நடக்க வேண்டும் என்பது யுஜிசியின் 2022 பி.எச்டி. ஒழுங்குமுறையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் தாமதத்தைச் சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி பாருங்கள்.

வைவா (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு) அன்று சாப்பாடு போடுவது, தேர்வாளருக்குக் கவர் கொடுப்பது வழக்கம்தானே?

வழக்கம்தான், எனக்கும் அது நடந்தது. வெளித்தேர்வாளர் விடியற்காலை ரயிலில் வந்தார். அவரை அழைத்துவரக் கார், விடுதி அறை, காலைச் சிற்றுண்டி, மதியம் துறை முழுவதற்கும் இலைச் சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. முந்தின நாள் இரவு பத்து மணிக்கு நெறியாளர் கூப்பிட்டார். ஆய்வேட்டைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பாயசம் உண்டா என்று கேட்டார். மறுநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எத்தனை இலை போடலாம் என்று கேட்க சமையல்காரர் கூப்பிடுகிறார். அதே நேரத்தில் தேர்வாளர் என் இரண்டாம் இயலைப் பற்றி மிக நல்ல கேள்வி ஒன்று கேட்டார். நான் சொன்னது பதிலே இல்லை. ஐந்து வருட உழைப்பைப் பற்றி ஒரு நல்ல வாசகரோடு பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பு அப்படிப் போனது. இரண்டு மாத உதவித்தொகை செலவானது பெரிதாகப் படவில்லை, அந்தக் கேள்வி மட்டும் இன்னும் உறுத்துகிறது.

தேர்வாளரின் பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் பல்கலைக்கழகமே தருகிறது. மாணவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. கவர் வாங்குவது சட்டப்படியும் சிக்கலானது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் ‘பொது ஊழியர்’ யார் என்று சொல்லும்போது பல்கலைக்கழகத் துணைவேந்தர், பேராசிரியர், விரிவுரையாளர் எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தேர்வு நடத்துவதற்காகப் பல்கலைக்கழகம் அழைக்கிற வெளியாளும் அதில் அடக்கம்.

நான் நெறியாளரான பிறகு என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: வைவா அன்று டீயும் பிஸ்கட்டும் என் செலவு, வேறு எதுவும் கிடையாது. முதலில் வைவா முடித்த பையனின் அம்மா கேட்கவில்லை, ஒரு தூக்கு நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வந்துவிட்டார். முடிவு அறிவித்த பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பரிசைப் பற்றி என் கணக்கு இதுதான். கையெழுத்து நிலுவையில் இருக்கும்வரை ஒரு பேனாகூட வாங்கக் கூடாது. எல்லாம் முடிந்து பட்டமும் கைக்கு வந்த பிறகு ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தால், உட்காரவைத்துக் காபி கொடுக்கலாம்.

உதவித்தொகையில் கைடு பங்கு கேட்கலாமா?

கூடாது. கேட்டால் அது லஞ்சம். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய். இந்தப் பணத்தை நம்பி வாடகை, சாப்பாடு, பல வீடுகளில் தம்பி தங்கையின் படிப்பும் ஓடுகிறது. ஆய்வாளர் வேலை செய்கிறார் என்று நிறுவனம் உறுதி செய்தால்தான் பணம் வரும். அந்த உறுதிச் சான்றைத் தள்ளிப்போடுவது ஒரு குடும்பத்தின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது போல. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை விட்ட ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா எழுதி வைத்த கடிதத்தில், தனக்கு ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த வரியை ஒவ்வொரு துறைத்தலைவரும், ஒவ்வொரு நிதி அலுவலரும் படித்திருக்க வேண்டும்.

நான் எழுதிய கட்டுரையில் கைடு பெயர் கட்டாயம் வர வேண்டுமா?

அவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது கருத்தளவில் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரையின் எல்லாப் பகுதிகளுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர். மருத்துவத்துக்காக எழுதியது என்றாலும் மற்றத் துறைகளுக்கும் இது நல்ல அளவுகோல். அறிவியல் ஆய்வகங்களில் கேள்வியை உருவாக்குவதே நெறியாளராக இருப்பார், அங்கே அவர் பெயர் வருவது நியாயம். தமிழ், வரலாறு போன்ற துறைகளில் மாணவர் தனியாகத் தேடி, தனியாக எழுதிய கட்டுரையில் பெயரைச் சேர்க்கச் சொல்வது நியாயமில்லை. துறைத்தலைவர் என்பதற்காகச் சேர்ப்பது, பதவி உயர்வுக்காக நண்பர்கள் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது இரண்டுமே பொய்ச்சாட்சி.

பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை என்று வந்த பிறகு காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற இதழ்கள் முளைத்தன. யுஜிசி தன்னுடைய ஏற்புப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. தரமான இதழ்களுக்கென்று பிறகு வந்த கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டது. இப்போது இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு நிறுவனங்களிடமும் ஆசிரியர்களிடமும் வந்திருக்கிறது. அந்த மாதிரி இதழில் கட்டுரை போடச் சொல்லி மாணவரிடம் பணம் கட்ட வைக்கிற நெறியாளர், மாணவரின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறார். பி.எச்டி. முடிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மென்பொருள் காட்டுகிற ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் வந்தால் எழுத்துத் திருட்டு இல்லை என்று அர்த்தமா?

யுஜிசியின் 2018 எழுத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆசிரியர்கள் தங்கள் கட்டுரையில் செய்தால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அளவு கூடினால் சம்பள உயர்வு நிறுத்தமும், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வாளர்களை எடுக்கத் தடையும் உண்டு.

ஆனால் மென்பொருள் எண்ணைத்தான் தரும், திருட்டைக் கண்டுபிடிப்பது படிக்கிறவர்தான். தமிழ் ஆய்வேடுகளில் இது இன்னும் உண்மை. பழைய எழுத்துருவில் அடித்த நூல்கள், அச்சில் மட்டும் இருக்கிற ஆய்வேடுகள், ஆங்கிலத்திலிருந்து அப்படியே தமிழாக்கிய பத்திகள் எதுவும் அதன் வலையில் சரியாக விழாது. துறையில் ஆழ்ந்து படித்த நெறியாளருக்கு இரண்டு பக்கத்திலேயே நடை மாறுவது தெரிந்துவிடும். ஆக, முழுசாகப் படிக்காமல் ‘இது அசல் ஆய்வு’ என்று சான்றிதழில் கையெழுத்திடுவது நெறியாளரின் முதல் தவறு. அந்தச் சான்றிதழ் ஆய்வேட்டோடு சேர்ந்து, இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கிற ஷோத்கங்கா இணையதளத்தில் எல்லோர் பார்வைக்கும் நிற்கும்.

இன்டர்னல் மார்க்கில் பழி வாங்குகிறார்கள். நிரூபிக்க முடியுமா?

கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது. பல கலை அறிவியல் கல்லூரிகளில் 100-க்கு 25 இன்டர்னல். அந்த 25-ல் எதற்கு எவ்வளவு என்று பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்து, கணக்கைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் சந்தேகத்துக்கே இடமில்லை. நேர்மையான ஆசிரியருக்கு இது பாதுகாப்பும்கூட. நான் பதிவெண்ணை மடித்து மறைத்துவிட்டுத்தான் திருத்துவேன். பிடித்த பையன் தாளில் அரை மார்க் கூடுவது எனக்கே தெரியாமல் நடப்பதை ஒரு முறை கண்டுபிடித்த பிறகு வந்த பழக்கம் அது.

திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கு அது, பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கும் அதையே காட்டிக் கேட்கலாம்.

‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்பது தவறா?

கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும் அது என்ன கேள்வி என்று. ஊர், தெரு, அப்பா பெயர், குலதெய்வம் என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்கிற அந்தப் பேச்சு நேர்முகத் தேர்வுக்கு முன்னாலும், கைடு ஒதுக்கும் நேரத்திலும் நடக்கிறது. தன் சாதிப் பிள்ளைகளை மட்டும் ஆய்வுக்கு எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை அவர்கள் சமூக சேவை என்று நம்புகிறார்கள். ஒதுக்கீட்டில் வந்த மாணவரை ‘கோட்டா’ என்று குறிப்பிடுவது, ‘உனக்கென்ன, வேலை கிடைத்துவிடும்’ என்று வகுப்பில் சொல்வது, ஆய்வகத்தில் தனித் தம்ளர் வைப்பது எல்லாம் ஒரே வியாதிதான். உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க யுஜிசி 2012-லேயே சமத்துவ ஒழுங்குமுறை கொண்டுவந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் மீதான இழிசொல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வரலாம்.

இருவரும் வயது வந்தவர்கள். பேராசிரியரும் மாணவியும் விரும்பிப் பழகினால் யாருக்கு என்ன?

ஒருவர் கையெழுத்தை நம்பி இன்னொருவர் இருக்கும்வரை அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையான அன்பு என்றால் முதலில் நெறியாளர் பொறுப்பிலிருந்தும் மதிப்பீட்டிலிருந்தும் விலக வேண்டும். அதைச் செய்யாதவரின் அன்பை நான் நம்பமாட்டேன்.

நடைமுறையில் நெறியாளர்கள் பின்பற்றக்கூடியவை எளியவை. தனியாகச் சந்திக்கும்போது அறைக் கதவு திறந்திருக்கட்டும். ஆய்வுப் பேச்சு துறையில், பகலில் நடக்கட்டும். இரவு பதினோரு மணிக்கு ‘தூங்கிட்டியா’ என்று வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். மாநாட்டுக்கு வெளியூர் போனால் அறை ஏற்பாட்டை அலுவலகம் செய்யட்டும்.

பாலியல் தொல்லை பற்றிப் புகார் செய்ய ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றவர்கள் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று யுஜிசி விதி சொல்கிறது. ஆண் மாணவர்களும் திருநர்களும்கூடப் பாதிக்கப்படலாம் என்பதையும் அதே விதி ஏற்கிறது.

2018-ல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மார்க்கும் பணமும் ஆசை காட்டி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த ஆடியோ தமிழ்நாட்டையே உலுக்கியது. 2024-ல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பேச்சைப் பதிவு செய்து வெளியே கொண்டுவந்த மாணவிகளின் துணிச்சல்.

வகுப்பில் பேராசிரியர் அரசியல் பேசலாமா?

பேசலாம், பாடத்துக்குத் தேவைப்படும்போது பேசியே ஆக வேண்டும். சமூகவியலும் வரலாறும் அரசியல் இல்லாமல் நடக்காது. 1917-ல் மியூனிக்கில் மாணவர்கள் முன் பேசிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், எதிர்த்துப் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிற மாணவர்களிடம் ஆசிரியர் தன் கட்சியைத் திணிப்பது பொறுப்பற்ற செயல் என்றார். அது இன்றைக்கும் சரி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், அது உங்கள் கருத்து என்றும் சொல்லுங்கள், எதிர்க்கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வையுங்கள். எதிராக எழுதிய மாணவருக்கும் நல்ல மார்க் விழுந்தால் நீங்கள் சரியாக நடத்துகிறீர்கள் என்று பொருள். வகுப்புக்கு வெளியே குடிமகனாகப் பேசுவதும் எழுதுவதும் ஆசிரியரின் உரிமை. யுனெஸ்கோ 1997-ல் வெளியிட்ட பரிந்துரை உயர்கல்வி ஆசிரியரின் கல்விச் சுதந்திரத்தையும் கடமைகளையும் ஒன்றாகவே வைக்கிறது.

கௌரவ விரிவுரையாளர்களிடம் நிரந்தரப் பேராசிரியர்களுக்குக் கடமை ஏதும் உண்டா?

நிறைய உண்டு, யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பல அவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. யுஜிசி 2019-ல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை என்று வழிகாட்டியது. கையில் வந்ததோ நெடுங்காலம் அதில் பாதிகூட இல்லை. அதே தகுதி, அதே பாடவேளை. துறையில் அவர்களுக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா, விடைத்தாள் சுமை முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறதா என்று பார்ப்பது மூத்தவர்களின் கடமை. அவர்கள் தயாரித்த பாடக்குறிப்பைத் தன் பெயரில் புத்தகமாகப் போட்டுக்கொண்ட ஒரு பேராசிரியரை எனக்குத் தெரியும். அதுவும் எழுத்துத் திருட்டுதான்.

மாணவர்கள் ஏ.ஐ. வைத்து எழுதினால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

எது வரை அனுமதி என்று முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கும் கருவி சொன்னதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, அது தவறாகவும் சொல்லும். கூப்பிட்டு உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசினால் எழுதியது யார் என்று தெரிந்துவிடும். மாணவரின் வெளிவராத ஆய்வேட்டை அவர் அனுமதியில்லாமல் ஆசிரியர் அந்தக் கருவிகளில் ஏற்றுவதும் நம்பிக்கைத் துரோகம்.

கல்லூரிக்குள் புகார் சொன்னால் எதுவும் நடப்பதில்லை. வேறு எங்கே போவது?

முதலில் மாணவர் குறைதீர்க் குழு. யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும், புகார் வந்து 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஒம்பட்ஸ்மனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைத் தராமல் பிடித்து வைப்பதும் இந்த விதிப்படி குறைதான். பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். தேதி வாரியாக ஒரு பக்கக் குறிப்பு, மின்னஞ்சல் நகல்கள், உடனிருந்தவர்களின் பெயர்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.

கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெயரையும் பதவியையும் கடைசியில் பாருங்கள். ஷோத்கங்காவில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளைத் தேடி இரண்டையாவது படியுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று விசாரியுங்கள். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும் இணைப் பேராசிரியர் 6 பேரையும் உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் எடுக்கலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. உங்களுக்குக் கிடைப்பது ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. கல்யாணமாகி ஊர் மாறினால் ஆய்வை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் பெண்களுக்கு வழி இருக்கிறது.

அப்புறம் அவரிடம் ஆய்வு முடித்த ஒருவரையும் பாதியில் விட்டுப் போன ஒருவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி போதும்: ‘நீங்கள் கொடுத்த இயல் எத்தனை நாளில் திருத்தத்தோடு திரும்பி வந்தது?’